ஹார்ட் டிஸ்க் டிக் டிக்னா உடனே ஆஃப் பண்ணுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தக்கலை பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு மழையும் உண்டு, இடி இடிச்சா கரண்ட் போறதும் வர்றதுமா இருக்கும், அப்பதான் "டிஸ்க்ல ஒரு மாதிரி சத்தம் வருது"ன்னு நிறைய பேர் வர்றாங்க. பாதிப்பேர் பயப்படவே வேண்டாம். ஆன் பண்ணதும் உய்ங்னு சுத்துறது நார்மல், உள்ள தட்டு நிமிஷத்துக்கு 5400 இல்லன்னா 7200 தடவ சுத்துது. ஃபைல் திறக்கும்போது கறகறன்னா, தட்டுல இருக்குறத படிக்குற ஹெட் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது, அவ்ளோதான். கரண்ட் பட்டுன்னு போனா பலமா ஒரு டக் கேக்கும், ஹெட் தட்டுல படாம ஒதுங்குற சத்தம் அது, ஆனா தெனமும் அப்படி நடந்தா டிஸ்க்குக்கு கேடு, ஒரு யூபிஎஸ் வாங்கி வைங்க.

பயப்பட வேண்டியது வேற. டிக்... டிக்... டிக்னு ஒரே தாளத்துல விடாம வரும், டிஸ்க்கும் ஸ்கிரீன்ல காட்டாது. ஹெட்டால படிக்க முடியல, திரும்பத் திரும்ப தேடுதுன்னு அர்த்தம். அப்பவே ஆஃப் பண்ணிரணும். கல்யாண ஃபோட்டோ எடுக்குற ஒரு ஸ்டுடியோ அண்ணன் "இந்த வாட்டி வந்துரும், இந்த வாட்டி வந்துரும்"னு ராத்திரி பூரா ஆன் பண்ணிப் பாத்துருக்காரு, கெட்டுப்போன டிஸ்க்ல இருந்து ஃபைல மீட்டு எடுக்குற ரெக்கவரிக்காரங்க திறந்து காட்டுனப்ப கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய தட்டுல வட்டமா கீறி கருப்புப் பொடி கெடக்கு. அந்தக் கல்யாணத்த இனி யாரு திரும்ப நடத்துறது? மனசே கேக்கல.

கிரீச்னு உரசுனாலும் இதேதான். எக்ஸ்டர்னல் டிஸ்க் சுத்தாம மெல்ல பீப் பீப்னு முனகுனா சிலநேரம் பவர் பத்தாததா இருக்கும், கேபிள மாத்தி வேற போர்ட்ல ஒரு தடவ பாருங்க, அப்பவும் முனகுனா விட்டுருங்க. ஃப்ரீசர்ல வச்சா சரியாயிரும்னு வாட்ஸ்அப்ல வர்றத நம்பாதீங்க, நம்ம ஊரு ஈரக்காத்துக்கு வெளிய எடுத்ததும் உள்ள தண்ணி கோத்துரும். சுத்துற தட்டே இல்லாத எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்ல இரைச்சல் வந்தா பெரும்பாலும் ஃபேன்தான்.

உங்க பத்திரிகையில இத ஒரு பெட்டிச் செய்தியா போட்டா ஸ்டுடியோக்காரங்க, இ-சேவை மையம் நடத்துறவங்க எல்லாருக்கும் உதவும். டிக் டிக், கிரீச் இல்லாம வேற புதுசா ஏதாவது சத்தம் கேட்டா, டிஸ்க் ஓடிட்டு இருக்கும்போதே முக்கியமானத வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணிருங்க. டிக் டிக் ஆரம்பிச்சாச்சுன்னா கடையில காட்டுறதுக்குன்னு கூட மறுபடி ஆன் பண்ண வேண்டாம், எப்படி சத்தம் வந்துச்சுன்னு வாயால சொன்னாலே எங்களுக்குப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை