வீட்டைத் திறக்கக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள திருகோணமலை உறவுகளுக்கு,

டைக் வீதிப் பக்கம் அப்பப்பா கட்டிய எங்கள் சின்ன வீடு, இப்போது ஊர் வரலாறு சொல்லும் காட்சிக்கூடமாகத் திறந்திருப்பது உங்களுக்குத் தெரியும். திறப்பு நாளன்று மழையும் சனமுமாக இருந்ததில் ஒருவருக்கும் ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரும் இதில் வராது. வாசிக்கும்போது அவரவருக்கு விளங்கும்.

திருகோணமலை வரலாறு என்றால் துறைமுகத்தை யார் எப்போது பிடித்தார்கள் என்ற கதைதான் முதலில் வரும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1782இல் மட்டும் ஜனவரியில் ஆங்கிலேயர் கையிலும் ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் கையிலும் ஊர் மாறியது. 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். இதைப் பிள்ளைகள் பாடமாகவே படிக்கிறார்கள். ஆனால் அந்தக் கப்பல்களுக்கு மூட்டை சுமந்தவர்களும், டொக்யாட் என்ற கடற்படைக் கப்பல் பட்டறையில் இரும்பு தட்டியவர்களும், அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்த வீட்டுப் பெண்களும் எந்தப் புத்தகத்தின் பக்கத்திலும் இல்லை. அவர்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டாரின் ஆசை. ஆசை மட்டும்தான் எங்களுடையது. மற்றதெல்லாம் நீங்கள் கொடுத்தது.

முதல் நன்றி மேசன் அண்ணனுக்கு. 1990இல் போரில் இடம்பெயர்ந்தபோது பூட்டிவிட்டுப் போன வீடு. நாங்கள் திரும்பி வந்தபோது பாதிக் கூரை உள்ளே கிடந்தது, மற்றப் பாதியைக் கறையான் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னார்கள். அவர் மட்டும் சுவரில் நகத்தால் கீறிப் பார்த்து, “இது முருகைக்கல், சுண்ணாம்புச் சாந்து. சீமெந்து பூசினால் இரண்டு மாரியில் உதிரும்” என்றார். முருகைக்கல் என்றால் கடலில் கிடைக்கும் பவளக்கல். அவர் சொன்னது எங்களுக்குப் புதுச் செய்தி. கடற்கரைச் சுவர் உப்பையும் ஈரத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் ஆறி வெளியே போய்விடும். சீமெந்து அதை அடைத்துவிடுவதால் உப்பு உள்ளேயே பூத்துக் கல்லைத் தின்றுவிடும்.

அவரே சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்காகத் தண்ணீருக்குள் ஊறப்போட்டார். சலித்த மணலோடு பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய் ஊறிய நீரும் சேர்த்துக் குழைத்தார். பூசியதோடு விட்டுவிடவில்லை. வெயில் ஏறமுதல் ஒருதரம், மாலையில் ஒருதரம், ஈரச் சாக்குத் தொங்கவிட்டுச் சுவரைக் காயாமல் பார்த்தார். கூலிக்கு யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். இன்று உள்ளே வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். அண்ணன், அந்தக் குளிர்ச்சி உங்கள் கை.

சரிந்திருந்த மூலைக்குக் கல் தேட வேண்டியிருந்தது. முருகைக்கல் அகழ்வது இன்று சட்டப்படி தடை, அது தடையாக இருப்பதும் நல்லதுதான். தங்கள் பழைய மதில் விழுந்து கிடந்த கல்லை ஒரு சதமும் வாங்காமல் உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பிய பக்கத்து ஒழுங்கைக் குடும்பத்துக்கு நன்றி. கூரை மரத்தையும் கதவு நிலைகளையும் செப்பம் செய்த கிண்ணியா ஓடாவியாருக்கும் மகனுக்கும் நன்றி. நோன்பு மாதத்திலும் வேலை நிற்கவில்லை. நல்லாயிருந்த பழைய மரத்தில் ஒரு துண்டைக்கூட அவர் வீசவிடவில்லை. உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, புது மரம் பொருத்தி, எது பழையது எது புதியது என்று தெரியும்படியே விட்டார்.

அப்புறம் பொருட்கள். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதே தனிக் கதை. உவர்மலையிலிருந்து ஒரு அக்கா கைக்குட்டையில் முடிந்து ஒரு பித்தளை வில்லையைக் கொண்டுவந்தார். ஐந்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் இலக்கம், மேலே ஒரு துளை. அவருடைய அப்பா டொக்யாட் வாசலில் காலையில் காட்டிவிட்டு உள்ளே போன வில்லை. துளையின் ஓரம் கயிறு உரசி உரசி மெலிந்துபோயிருக்கிறது. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது வேலை போனது, வில்லையை மட்டும் அவர் கொடுக்கவில்லையாம். அம்மா அதைத் தாலிக்கொடியோடு லாச்சிக்குள் வைத்திருந்தார், எண்பத்துமூன்றிலும் தொண்ணூறிலும் இடுப்பில் முடிந்துகொண்டு போனார் என்று அக்கா சொன்னார். அதை எங்களிடம் தந்துவிட்டு வெறுங்கையோடு படியிறங்கிப் போனாரே, அதற்கு எந்த வார்த்தை போதும்? அக்கா, அது உங்களுடையது. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துப் பார்க்கலாம், விரும்பினால் திரும்பக் கொண்டுபோகலாம்.

தொண்ணூறு வயதைத் தொட்ட மனையாவெளி அம்மம்மாவுக்கு எங்கள் வணக்கம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது அவர் சின்னப் பிள்ளை. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்காக எரிந்தது புத்தகத்திலும் உண்டு. அந்தப் புகைக்குக் கீழே தம்பலகாமம் பக்கம் நடந்துபோனதையும், ஊறவைத்த அரிசியைப் பாத்திரத்தோடு தன் தாய் தலையில் தூக்கிவந்ததையும் அவர்தான் சொன்னார். மூச்சு வாங்க வாங்க இரண்டு பின்னேரம் இருந்து சொல்லி முடித்தார். முன்னறையில் பட்டனை அழுத்தினால் இப்போது அவருடைய குரல் கேட்கும். பள்ளிப் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், ஆசிரியர்கள் கூப்பிட்டாலும் நகர்வதில்லை.

கோட்டை வாசல் கல்லில் உள்ள இரட்டை மீனையும் தமிழ் எழுத்துகளையும் பார்த்துப் பெரிதாக வரைந்து தந்த மாணவிகளுக்கும், வெயிலில் கூட நின்ற அவர்களின் ஆசிரியைக்கும் நன்றி. விளக்கக் குறிப்புகளை மூன்று மொழியிலும் திருத்தித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவருக்கும் நன்றி. சிங்களக் குறிப்பை எழுதியவர் அனுராதபுரச் சந்திப் பக்கம் இருப்பவர். தன் தந்தை 1927இல் திறந்த ரயில் பாதையில் வேலை செய்தவர் என்று சொல்லி, அவருடைய கைவிளக்கையும் கூடவே தந்தார். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பணம் அனுப்பியவர்களுக்கு நன்றி. கணக்கு முழுவதும் விறாந்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

வந்து பார்த்தவர்களை விட்டுவிட முடியாது. பழைய படத்தில் நிற்பவர்களுக்குப் பெயர் சொன்னவர்கள் நீங்கள். குசினியில் வைத்திருந்த திருகையைச் சுற்றிக் காட்டி, “இப்படியில்லை பிள்ளை, இடது கையால் தானியத்தைப் போட வேண்டும்” என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்த பெரியம்மா அன்று பின்னேரம் முழுவதும் அங்கேயே இருந்தார். வேறு வழிகாட்டி எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இன்னும் ஓர் உதவி கேட்கிறோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ஊரே ஏறி இறங்கிய ‘பாதை’யின், அதாவது ஆட்களை அக்கரை சேர்த்த மிதவையின், படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. திருமணத்துக்குப் போனபோது, சந்தைக்குப் போனபோது யாராவது எடுத்திருப்பீர்கள். பின்னணியில் அரைவாசி தெரிந்தாலும் போதும். கொண்டுவந்தால் அங்கேயே நகல் எடுத்துவிட்டு மூலப்படத்தைக் கையோடு திருப்பித் தருவோம். சனி, ஞாயிறு பின்னேரங்களில் வீடு திறந்திருக்கும். தேநீரும் இருக்கும்.

என்றும் நன்றியுடன்,
வீட்டார்
திருகோணமலை