சிசேரியன் வகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

நாள் குறித்துச் சிசேரியன் செய்துகொள்ளப்போகும் தாய்மாருக்கு, மருந்தில்லாமல் பதற்றத்தைத் தணிக்கும் வழிகளைப் பினாங்கில் தமிழில் சொல்லித்தரும் தாதியர் எழுதுகிறோம். உங்கள் ஒவ்வொருவருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஓய்வு நாளையும் விட்டுக்கொடுத்து வந்த மயக்க மருந்து டாக்டருக்கு முதல் நன்றி. முதுகில் ஊசி போட்டபின் என்ன தெரியும், என்ன தெரியாது என்று நீங்கள் விளக்கியதே வகுப்பின் உயிர்நாடி. குத்தும் வலி இராது. தொடுவதும் இழுப்பதும் அமுக்குவதும் தெரியும். இது முன்பே தெரியாத தாய், வயிற்றில் இழுபட்டதுமே மருந்து பிடிக்கவில்லை என்று மிரண்டுவிடுகிறார். நெஞ்சு மரத்துப்போனால் மூச்சு ஓடுவதே உணர்வில் தெரியாமல், நின்றுபோனது போலத் தோன்றும். பேச முடிகிறது என்றால் மூச்சு ஓடுகிறது. ஆனாலும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சுருக்கென்று வலித்தாலும் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பு நடுங்குவது பலருக்கும் வருவது. குழந்தை பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடும், தையலுக்குத்தான் அரை மணிக்கு மேல் ஆகும். இதைச் சொல்லிவைக்காவிட்டால் அந்த நேரம் முழுக்க 'ஏதோ தப்பாகிவிட்டது' என்ற பயம்தான்.

பட்டர்வொர்த் தையல்கார அக்கா, நீங்கள் பஞ்சை இறுக அடைத்துத் தைத்த தலையணைகள் அருமை. ஊசி போடும்போது தலையணையைக் கட்டிப்பிடித்து, தாடையை நெஞ்சில் பதித்து, தோளைத் தளர்த்தி, இடுப்பின் பின்பக்கத்தை டாக்டர் பக்கம் தள்ள வேண்டும். அப்போதுதான் முதுகெலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரியும். தலையணை தொளதொளவென்று இருந்தால் அமுங்கிப்போய், முதுகு வளையாமல் முன்னால் சாய்ந்துவிடும்.

மூச்சுப் பயிற்சித் தாளைத் திருத்தித் தந்த தமிழாசிரியர் ஐயா, 'ஆழமாக' என்ற சொல்லை அடித்துவிட்டு 'மெதுவாக' என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல் பெரிய உதவி. ஆழமாக என்றால் பலர் வேகவேகமாக இழுத்து விடுகிறார்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மதமதத்து, தலை சுற்றி, பயம் இன்னும் கூடுகிறது. 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே, 5 நிமிடம். மல்லாந்து படுக்காமல், இடப்பக்கம் ஒருக்களித்தோ சாய்ந்து உட்கார்ந்தோ செய்வது நல்லது. மல்லாந்தால் கர்ப்பப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரலாம்.

அரை மணி நேரம் புல்லாங்குழல் வாசித்துப் பதிவுசெய்து தந்த தம்பிக்கும் நன்றி. தாளக்கருவி இல்லை, திடீரென்று ஏறும் இடம் இல்லை, நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுக்குள் நடை. ஒரு காதில் மட்டும் மாட்டினால் தாதி கூப்பிடுவது கேட்கும். பதிகம் சிலருக்கு ஆறுதல். சிலருக்கோ அது துக்க வீட்டை நினைவூட்டும். ஆகவே பாட்டைத் தாயே தேர்ந்தெடுக்கட்டும்.

கை பிடித்துவிடக் கற்றுக்கொண்ட கணவன்மாரே, ஒரு கைக்கு 5 நிமிடம், உள்ளங்கையில் கட்டைவிரலால் மெல்லச் சுழற்றி. டிரிப் ஏற்றிய கையைத் தொடாதீர்கள். எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும், அதையும் பிறகு துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டர் ஒட்டாது.

வாரக்கணக்கில் தூக்கமில்லாத தாய்மாருக்கும், முன்பு குழந்தையை இழந்தவர்களுக்கும் இவை மட்டும் போதாது. கிளினிக்கில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பாட்டிமார். வளைகாப்புக் கண்ணாடி வளையல் கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் வீங்கிய கையில் சிக்கிக்கொள்ளும். ஆபரேஷன் காலையில் அதை உடைக்க நேர்ந்தால் அபசகுனம் என்று தாய் கலங்கிவிடுவார், அதுவரை செய்த பயிற்சியெல்லாம் வீணாகும். அதற்கு வழி சொன்னவர்கள் நீங்கள்தான். முதல் நாள் மாலையே கையைச் சற்று நேரம் தூக்கிவைத்து, சவர்க்கார நுரை தடவி, ஒவ்வொன்றாகக் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைப்பது. தாலியைக் கழற்ற வேண்டுமா என்று மருத்துவமனையில் முன்பே கேட்டு, யார் கையில் கொடுப்பது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்வது.