எங்கள் தெருவுக்கு நன்றி

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் உள்ள எல்லோருக்கும்,

வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதிய நுழைவுத் தேர்வை முழுசாக முடித்துவிட்டேன். நடுவில் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லவில்லை. கை நடுக்கம் இன்னும் நின்றபாடில்லை, ஆனாலும் இன்றைக்கே இதை எழுதிவிட வேண்டும்.

தேர்வு நடுவில் கரண்ட் போய், இன்டர்நெட் தரும் மோடம் அணைந்து, செல்போன் சிக்னலும் கைவிட்ட நேரத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எதிர்வீட்டுச் சித்தப்பா உள்ளே வந்து மோடத்தின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தார். "பன்னெண்டு வோல்ட்டுதானே? நம்ம வத்தை பேட்டரியும் அதேதான்" என்றார், தன் நாட்டுப்படகைச் சொல்லி. ஃபைபர் கேபிளில் வருவது வெளிச்சம்தான், மோடத்துக்கு மட்டும் கரண்ட் கிடைத்தால் போதும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஜிபிஎஸ்ஸுக்கு வைத்திருந்த பேட்டரியைத் தோளில் தூக்கி வந்தார். முனையில் பூத்திருந்த பச்சைக் களிம்பைக் கத்தியால் சுரண்டினார். அடாப்டர் வயரை வெட்டி, மேல்தோலைப் பல்லால் உரித்து, பிளஸ் எது மைனஸ் எது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் முறுக்கினார். மோடத்தில் விளக்கு வந்தது. விட்ட கேள்வியிலேயே பக்கம் திறந்தது, எழுதிய விடை ஒன்றும் அழியவில்லை.

"நீ எழுதும்மா, நான் இங்கனதான் இருக்கேன்" என்று திண்ணையில் உட்கார்ந்தவர், முடியும்வரை எழுந்திருக்கவில்லை. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு மூன்று நாள் போக, நாட்டுப்படகுக்கு வாரத்தில் நான்கு நாள்தான் தொழில். அதில் ஒன்றை எனக்காக விட்டுவிட்டார். அம்மா பணம் கொண்டுபோனபோது, "எம் மக பரீட்சை எழுதுனா காசு வாங்குவேனா?" என்றாராம். அதைக் கேட்டு அழுதுவிட்டேன்.

அப்புறம், அந்தக் காற்றிலும் கம்பத்தில் ஏறி உப்புப் படிந்த இன்சுலேட்டரைத் துடைத்த மின்வாரிய அண்ணன்கள், கேட்காமலே ஒலிபெருக்கியை நிறுத்திய கோயில்காரர்கள், பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போன அக்காமார், போனில் பொறுமையாகப் பேசி இழந்த நிமிடங்களைத் திருப்பிக் கொடுத்த தேர்வுக் கண்காணிப்பாளர், எல்லோருக்கும் என் வணக்கம்.

ரிசல்ட் எப்படி வந்தாலும் சரி, ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருஷம் நம் தெருவில் யார் பரீட்சை எழுதினாலும் எங்கள் வீட்டு முன்னறை அவர்களுக்குத்தான். முதல் சம்பளத்தில் அங்கே ஒரு பேட்டரி வாங்கி வைப்பேன். சித்தப்பா, அன்றைக்கு நீங்கள் தொழிலை விட வேண்டியிருக்காது.