வள்ளலார் என்ற ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த கிறிஸ்தவக் காப்பியங்கள் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். ஆட்டுக்குட்டி, திராட்சைக்கொடி, சிலுவை என்று குறியீடுகளை எண்ணி அடுக்கியவர், இரட்சணிய யாத்திரிகத்தை 'ஆங்கில நூலின் தமிழாக்கம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஆங்கில நூல், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்', உரைநடை. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வந்த, 3766 பாடல் கொண்ட காப்பியம். பனியனில் சிலுவையைக் கண்டதும் பயணியின் முதுகுச் சுமை கழன்று உருண்டுவிடும், அவ்வளவுதான். வைணவராகப் பிறந்து கம்பனில் ஊறிய பிள்ளைக்கு அது போதவில்லை. சிலுவைப்பாட்டை விரித்துச் சொல்ல இரட்சணிய சரிதப் படலத்தைப் பாடினார். அங்கே இயேசுவின் மேனி 'சதைப்புண்டு' கிடக்க, வாய் மட்டும் கொல்பவர்களுக்காக மன்னிப்பு வேண்டி 'மலர்ந்தார்நம் வள்ளலார்' என்று மலர்கிறது. லூக்கா சுவிசேஷத்தில், இயேசு அந்த மன்னிப்பைக் கேட்கும் அதே வசனத்தில்தான் அவருடைய துணிக்குச் சீட்டுப் போடுகிறார்கள். உடுத்த துணியும் மிஞ்சாத ஒருவரை வள்ளல் என்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

இதை என் வீட்டு விறாந்தையில் உயர்தர மாணவர்களுக்கு நடத்தியபோது, கோணேசர் கோயிலே கதியென்று கிடக்கும் ஒரு பையன், "சேர், இது மெய்ப்பொருள் நாயனார் கதைதானே?" என்றான். "ஓம்" என்று சொல்லிவிட்டேன். அந்த 'ஓம்' இரவு முழுக்க உறுத்தியது.

பெரியபுராணத்தில் பகைவன் முத்தநாதன் சிவனடியார் போல நீறு பூசி, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்து மன்னர் மெய்ப்பொருள் நாயனாரைக் குத்துகிறான். வாளோங்கிய காவலன் தத்தனை "தத்தா நமர்", அதாவது 'இவர் நம்மவர்', என்று தடுக்கிறார் மன்னர். கொன்றவனைப் பத்திரமாக விட்டுவந்த செய்தி காதில் விழும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார். அங்கே சின்னம் இருந்தது கொன்றவன் மேனியில். மன்னர் மதித்தது அந்த நீற்றை. சிலுவையடியில் நின்றவர்களிடம் மதிக்க ஒரு சின்னமும் இல்லை. 'செய்வது இன்னதென்று அறியார்' என்பதுதான் அவர்களுக்காக வைக்கப்பட்ட ஒரே வழக்கு. கொன்ற மரமே பிற்பாடு சின்னமானது. இரண்டும் தன்னைக் கொடுத்த கதைகள்தாம், ஆனால் ஒன்றல்ல. அடுத்த வகுப்பில் பையனிடம் இதைச் சொல்லி, என் 'ஓம்'ஐத் திரும்பப் பெற்றேன்.

பாலையூற்றில் நண்பரின் தாயார் வைத்திருக்கும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் மெழுகு சிந்தியிருக்கும். ஒரு பெரிய வெள்ளியன்று அவரிடம் நாயனார் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அந்த முத்தநாதன் பிறகு என்ன ஆனான், மாஸ்டர்?" என்றார். காட்டில் விட்டதோடு சேக்கிழார் அவனை விட்டுவிடுகிறார். எனக்கும் பதில் இருக்கவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதியில் வீரமாமுனிவரின் தேம்பாவணி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு பாட்டையாவது முழுதாக அச்சிடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.