மரம் வெட்டும் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருமுனை வேம்பை வெட்டிவிட்டார்கள், சாக்கடை கட்ட இடம் வேண்டுமாம். காலையில் ஆரம்பித்த மெஷின் ரம்பம் மத்தியானம் வரை கத்திக்கொண்டே இருந்தது. நான் வீட்டில்தான் இருந்தேன், ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். அந்த மரத்தடியில் பக்கத்து வீட்டுச் சிறுமிகள் மூன்று பேர் தினமும் அஞ்சாங்கல் ஆடுவார்கள். மறுநாளும் பழக்கத்தில் கல்லோடு அங்கேயே வந்து, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்கள். சின்னவள் மட்டும் மரத்தூளை ஒரு பிடி அள்ளி வந்திருந்தாள், அதை மோந்து மோந்து பார்த்தாள்.

எனக்கு உடனே புறநானூற்றின் 36-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. நான் கரூர்க்காரன், அது எங்கள் ஊர்ப் பாட்டு. சோழ மன்னன் கிள்ளிவளவன் கருவூரை, அதாவது எங்கள் கரூரை, முற்றுகையிட்டு, அந்த ஊர் அரசன் காத்து வளர்த்த காவல்மரங்களை வெட்டிச் சாய்க்கும்போது ஆலத்தூர் கிழார் என்ற புலவர் அவனிடமே போய்ப் பாடியது. கொல்வதோ விடுவதோ உன் இஷ்டம் என்று தொடங்கியவர், அடுத்து படையைப் பற்றிப் பேசவில்லை. ஆன்பொருநை மணலில் பொன் கழங்கு வைத்து விளையாடும் சிறுமிகளைக் காட்டுகிறார். அந்த வெண்மணல் சிதறுகிறது, கொல்லன் அரம் போட்டுத் தீட்டிய கோடரி பாய்கிறது, பூ மணக்கும் கிளைகள் புலம்புகின்றன. கழங்குதான் இன்றைக்கு அஞ்சாங்கல், ஆன்பொருநைதான் எங்கள் அமராவதி. அந்த வெண்மணலை இப்போது ஆற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நான் படித்த காலத்தில் மணல், மரம், சிறுமிகள் எல்லாம் வர்ணனை என்று சொல்லிக்கொடுத்தார்கள். திணை, துறை எழுதி மார்க் வாங்கியதோடு சரி. ஆனால் பாட்டு குத்துகிற இடம் வேறு. மரம் வெட்டும் ஓசை அரண்மனைக்குள் கேட்கிறது, கேட்டும் உள்ளே ஒருவன் சுகமாக உட்கார்ந்திருக்கிறான், அவனோடு போய்ப் போர் செய்வது 'நாணுத்தகவு உடைத்தே', அதாவது வெட்கக்கேடு என்கிறார் புலவர். ஜன்னலைச் சாத்திய எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நற்றிணை 172-இலும் இதே நாணம் வருகிறது. பாடியவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஒரு பெண் தோழிகளோடு விளையாடும்போது மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது, நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள், 'நும்மினும் சிறந்தது நுவ்வை ஆகும்', உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் தங்கை என்கிறாள் அம்மா. அதனால் அந்த மர நிழலில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறதாம். தங்கை முன்னால் அக்கா எப்படிச் சிரிப்பாள்! சின்ன வயசில் அம்மா சொன்ன ஒரு வார்த்தையை வளர்ந்த பிறகும் அப்படியே நம்புகிற மனசு அது, எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உங்கள் மாணவர் பக்கத்தில் இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள் ஐயா. இலக்கணக் குறிப்பு வேண்டாம், எளிய உரை போதும். அப்புறம் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வேம்பு மிச்சம் இருக்கிறது, அவற்றிலும் சிவப்பு பெயிண்டில் நம்பர் போட்டிருக்கிறார்கள். சாக்கடையை நாலடி தள்ளிக் கட்டச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கரூர்