கொத்தும் பாட்டும் ஊரும்: சால்ஸ்பர்க்கிலிருந்து அக்காவுக்கு

சால்ஸ்பர்க்,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்து, வடசேரிச் சந்தைக்கு நடந்தே போய் வருகிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் பெரிய ஆறுதல். அம்மைக்கு இரவில் இருமல் வந்தால் சுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடு, மருந்துக்கடைச் சிரப் வேண்டாம்.

நீ கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். பாட்டுப் படத்தில் எது உசத்தி, பலகாரத்தில் எது, ஊரில் எது? உன் பதில் சவுண்ட் ஆஃப் மியூசிக், முந்திரிக்கொத்து, திருவனந்தபுரம். எனக்கும் உனக்கும் ஒத்துப்போவது நடுவில் உள்ள ஒன்றில்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த ஊர்ப் பலகாரம் மோட்சார்ட் உருண்டை. 1890-இல் பவுல் ஃப்யூர்ஸ்ட் என்ற மிட்டாய்க்காரர் இங்கே செய்தது. நடுவில் பிஸ்தா சேர்த்த மார்சிபன், அதாவது பாதாமும் சீனியும் அரைத்த பசை. அதைச் சுற்றி நூகா. இங்கே நூகா என்றால் கொட்டையும் கொக்கோவும் சேர்த்து மெத்தென்று அரைத்த விழுது. அந்த உருண்டையை ஒரு மரக்குச்சியில் குத்தி, உருக்கிய கறுப்புச் சாக்லேட்டில் முக்கி, குச்சியோடு பலகையில் நட்டு ஆறவிடுவார்கள். ஆறியதும் குச்சியை உருவி, அந்த ஓட்டையையும் சாக்லேட்டால் அடைப்பார்கள். கையால் செய்யும் அசல் உருண்டை வெள்ளியும் நீலமுமான தாளில் இருக்கும், அந்தக் குடும்பத்துக் கடையில் மட்டும்தான் கிடைக்கும். சிவப்பும் பொன்னுமான தாளில் விமான நிலையமெல்லாம் குவிந்திருப்பது மிஷினில் செய்தது.

இதை எழுதும்போதே உனக்குத் தெரிந்திருக்கும், இது நம்ம முந்திரிக்கொத்தின் வேலைதான். உள்ளே ஓர் இனிப்பு உருண்டை, மேலே ஒரு போர்வை, முக்கி எடுக்கும் கை. நல்லது கெட்டதை நான் பார்ப்பதும் ஒரே இடத்தில்தான்: உள்ளே இருப்பதும் மேலே இருப்பதும் பிரியாமல் நிற்கிறதா? மோட்சார்ட் உருண்டையைக் கடித்தால் சாக்லேட் சில்லாக உடைந்து தனியே வந்துவிடும், மார்சிபன் தனியே நிற்கும். மூன்று ருசி வரிசையாக வரும், ஒன்றாக வராது. கொத்தைக் கடித்தால் மொறுமொறுப்பும் பயற்று வாசனையும் ஒரே கடியில் வரும். அதுதான் எனக்கு உசத்தி.

இங்கே கொத்து சரியாக வருமா என்று கேட்டிருந்தாய். வரும், ஆனால் நாலு இடத்தில் மாற்ற வேண்டும். அளவு நீ சொன்னதுதான்: சிறுபயறு அரைக்கிலோ, வெல்லம் 400 கிராம், துருவிய தேங்காய் ஒரு கப், எள்ளு இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய் எட்டு, கொஞ்சம் சுக்குத் தூள். ஆசியக் கடையில் முழுச் சிறுபயறு கிடைக்கிறது. அதைச் சிறு தீயில், தோல் லேசாகச் சிவந்து வாசனை எழும்பும் வரை பொறுமையாக வறுக்கணும். அவசரப்பட்டால் தோல் கருகி உள்ளே பச்சையாக இருக்கும், மாவு கசக்கும். ரவைப் பதத்தில் திரிக்கணும். மைதா மாதிரி நைசாக அரைத்தால் பாகைக் குடித்துக் களிமண் ஆகிவிடும்.

வெல்லம் கிடைக்காத வாரத்தில் மஸ்கவாடோ என்ற கறுப்புச் சீனி உதவும். ஆனால் அதில் கரும்புக் கசண்டு அதிகம், காரமாக அடிக்கும். பாதி அதுவும் பாதி வெள்ளைச் சீனியும் போட்டால்தான் நம்ம வாசனைக்குக் கிட்டே வரும். கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் காய்ச்சி, ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடு. கரையாமல் நின்று, விரலால் திரட்டினால் மெத்தென்று உருளணும். அதற்கு முன்னே இறக்கினால் உருண்டை எண்ணெயில் வெடிக்கும். அதற்கு மேலே போனால் மறுநாள் பல் உடையும். தேங்காய்க்கு இங்கே கிடைக்கும் உலர்ந்த துருவலே நல்லது. எப்படியும் பழுப்பாக வறுக்கத்தானே போகிறோம், ஈரம் இல்லாததால் கெடவும் செய்யாது. நீ பச்சைத் தேங்காய் போடும்போது நாலாம் நாள் சிக்கு வாடை வருகிறது என்றாயே, காரணம் வறுப்பு போதாததுதான். துருவல் கையில் ஒட்டாமல் சரசரவென்று உதிரணும்.

பாகு சூடாக இருக்கும்போதே மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவுக்குப் பிடி. இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் காற்று வறண்டு கிடக்கிறது. நாலு மணி நேரத்தில் உருண்டை காய்ந்துவிடுகிறது. ஊரில் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி முழுக்கக் காய விட்டாலும் பிசுபிசுக்கும். அப்போது மின்விசிறிக்குக் கீழே பரப்பி வை.

மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு நாலு பங்கு, மைதா ஒரு பங்கு, மஞ்சள், உப்பு. தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டி. மூன்று உருண்டையை ஒன்றாக முக்கி எடுக்கும்போது விரலிடுக்கில் சொட்டும் மாவுதான் மூன்றையும் சேர்த்துக் கட்டுகிறது. மாவு நீர்த்தால் அந்தக் கட்டு இல்லாமல் போகும், ஓட்டை வழியே வெல்லம் கசியும், எண்ணெய் முழுக்கக் கறுத்துவிடும். பெரிய தொந்தரவு அடுப்பு. கேஸைத் தணித்தால் தீ உடனே தணியும். இங்குள்ள மின்தட்டு அணைத்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், எண்ணெய் ஏறிக்கொண்டே போகும். அதனால் பதம் பார்க்க ஒரு வெப்பமானி வைத்து 170 டிகிரியில் நிறுத்தணும். 190 ஆனால் மேலே சிவந்து உள்மாவு வேகாமல், ஒரு மணி நேரத்தில் நமத்துப்போகும்.

வியன்னாவின் சாகர் கேக் பற்றியும் கேட்டாய். சாக்லேட் கேக், மேலே ஆப்ரிகாட் ஜாம், அதன் மேலே சாக்லேட் பூச்சு. எனக்கு வறட்சியாக இருக்கிறது. சீனி போடாமல் அடித்த கிரீமைப் பக்கத்தில் வைப்பார்கள், அது இல்லாமல் தொண்டையில் இறங்காது.

இனி பாட்டு. உன் படம் இந்த ஊரில் எடுத்தது, 1964-இல். மறு வருஷம் வெளிவந்தது. பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லிக்கொடுக்கும் பாட்டின் படிக்கட்டு மிராபெல் பூங்காவில் இருக்கிறது. வீணை பழகியவள் நீ, அந்த டோ ரே மி நம்ம தீரசங்கராபரண ராகத்தின் ஏறுவரிசை என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணும் என்றில்லை. படத்தில் வரும் கண்ணாடி மண்டபத்தை ஹெல்ப்ருன் அரண்மனைத் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள், உள்ளே விடுவதில்லை. கடைசியில் அந்தக் குடும்பம் நாஜிகளிடமிருந்து மலையேறித் தப்பிக்கிறதே, இந்த ஊர் மலையை அப்படித் தாண்டினால் ஜெர்மனிக்குள்தான் போய் இறங்கணும். நிஜக் குடும்பம் 1938-இல் ரயிலேறி இத்தாலிக்குப் போனது. எடல்வைஸ் பாட்டு இந்நாட்டு நாட்டுப்பாடல் என்று நினைத்திருந்தாய் அல்லவா? இல்லை. ரிச்சர்ட் ராஜர்ஸ் மெட்டு, ஆஸ்கர் ஹேமர்ஸ்டீன் வரி. 1959-இல் நியூயார்க் மேடைக்காக எழுதியது. ஹேமர்ஸ்டீன் எழுதிய கடைசிப் பாட்டு அதுதான். அடுத்த வருஷம் அவர் இறந்துவிட்டார். படத்துக்குப் புதிதாகச் சேர்த்த இரண்டு பாட்டுக்கும் ராஜர்ஸே வரியும் எழுதினார்.

பாட்டெல்லாம் அருமை. எனக்குக் குறை வேறு இடத்தில். இடி மின்னலில் பிள்ளைகள் பயந்து, அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த மரியாவின் கட்டிலுக்கு ஓடி வருவார்களே, அங்கே படத்தில் வருவது பிடித்த பொருள்களைப் பட்டியல் போடும் பாட்டு. மேடை நாடகத்தில் அந்த இடத்தில் இருந்தது ஆட்டிடையன் பாட்டு. பட்டியல் பாட்டை மரியா மடத்துத் தாயாரோடு பாடுவாள். படத்தில் இதை அங்கே மாற்றிவிட்டு, ஆட்டிடையன் பாட்டைப் பொம்மலாட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கதைக்கு ஒரு கீறலும் விழவில்லை. அப்படியானால் பாட்டு கதைக்கு மேலே போர்த்திய சாக்லேட்தானே?

நான் அதற்கு மேலே வைப்பது பிரெஞ்சுப் படம் ஒன்று, செர்பூர் குடைகள். 1964-இல் ஜாக் டெமி எடுத்தது, இசை மிஷல் லெக்ரான். அதில் பேச்சே இல்லை, எல்லாம் பாட்டு. கார் மெக்கானிக் ஒருவன் சாயங்காலம் ஓவர்டைம் பார்க்க முடியுமா என்று கேட்கப்படுவதும், பெட்ரோல் எந்த வகை வேண்டும் என்பதும்கூடப் பாட்டுதான். முழுவதையும் முதலில் பாடகர்களை வைத்து ஒலிப்பதிவு செய்துவிட்டு, அந்தத் தாளத்துக்கு நடிகர்களை நடக்கவும் கதவு திறக்கவும் வைத்தார்கள். கதாநாயகி கேத்ரின் டெனூவுக்குப் பாடியது டானியல் லிகாரி. புறப்பாடு, பிரிவு, திரும்பி வருதல் என்று மூன்று பகுதி. பையன் அல்ஜீரியப் போருக்குப் போகிறான், பெண் குடைக்கடையில் காத்திருக்கிறாள், கடிதம் குறைந்துகொண்டே வருகிறது. இதில் எந்த வரியையும் எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு இது அன்னியமாகத் தெரியாது. வீசுகோல் வில்லில் விழுந்ததும் கதையும் பாட்டும் சேர்ந்தே ஓடும், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவதுகூடத் தாளத்தில்தான் விழும்.

நீ என்ன மறுப்பு எழுதுவாய் என்றும் தெரிகிறது. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது ஹரிதாஸ். நம்ம ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணனும் அதில் உண்டு. படத்தைப் பார்க்காதவர்கள்கூடப் தியாகராஜ பாகவதரின் சாருகேசி ராகப் பாட்டைப் பாடுகிறார்கள், படத்தை விட்டுப் பிரிந்து வந்தும் வாழ்கிறதே, அதுதானே பாட்டின் பலம் என்பாய். அது நியாயம்தான். செர்பூரிலும் ரயில் நிலையத்தில் பிரியும் இடத்து மெட்டு ஒன்று மட்டும் தனியே கிளம்பி உலகம் சுற்றியது. ஆனாலும் கதையோடு கேட்கும்போது அது தரும் வலி தனியே கேட்டால் இல்லை.

ஊருக்கு வருகிறேன். வியன்னா இங்கிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். ஆப்பெராவுக்கு நின்று பார்க்கும் டிக்கெட் மலிவு. அங்கே ஒரு பழக்கம் உனக்குப் பிடிக்கும். நிற்கும் இடத்துக் கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டு வெளியே போய்வரலாம், இடம் உன்னுடையது. நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதேதான். ஆனாலும் எனக்கு சால்ஸ்பர்க்தான். இங்கே மலையும் வீடும் பிரிந்தில்லை. மலையோரத் தெருவில் வீடுகளின் முதுகு நேரே பாறையில் ஒட்டியிருக்கிறது, சிதறாலில் பாறைக்கு அடியில் கோயில் ஒட்டிக் கிடக்குமே அப்படி. 1669-இல் பாறை சரிந்து இருநூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இப்போதும் வருஷா வருஷம் ஆட்கள் கயிற்றில் தொங்கி, பாறையைத் தட்டிப் பார்த்து, தளர்ந்த கல்லைப் பெயர்த்து எடுக்கிறார்கள். உன் படத்தில் குடும்பம் கடைசியாகப் பாடும் அரங்கும் அந்த மலையின் பழைய கல்வெட்டாங்குழிதான். பாறையிலேயே மூன்று அடுக்காக 96 வளைவு குடைந்திருக்கிறார்கள். மழையும் நம்ம சாரல் மாதிரி நாள் முழுக்க விடாமல் பெய்யும். நூல் மழை என்றே இங்கே பெயர். 1956 வரை நம்ம நாகர்கோவிலுக்கும் தலைநகராக இருந்த ஊர் திருவனந்தபுரம், அதன் சாலைக் கம்போளக் கடைத்தெருவும் போளியும் பாயசமும் எனக்கும் இஷ்டம்தான். நடந்து சுற்றத்தான் அங்கே முடியவில்லை.

பார்சல் விஷயம். பால்கோவா வேண்டாம், பால் பொருளை வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். கொத்தில் பால் இல்லை, அதனால் பயமில்லை. பொரித்து நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடு, சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து நமத்துவிடும். சித்தி மகன் ஜனவரியில் வரும்போது மோட்சார்ட் உருண்டை கொடுத்தனுப்புகிறேன். சாக்லேட் 32, 33 டிகிரியிலேயே இளகிவிடும், அதனால் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் துணிக்கு நடுவே வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஃபிரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதே, ஒரு மணி நேரம் மூடியே இருக்கட்டும். உடனே திறந்தால் மேலே தண்ணீர் கோர்த்து, சீனி வெளுத்துப் பூத்துவிடும். அப்படிப் பூத்தாலும் கெட்டுப்போனதில்லை, அம்மைக்குக் கொடுக்கலாம், பல்லுக்கு மெத்தென்றுதான் இருக்கும்.

அன்புடன்,
உன் தம்பி