குடியிருப்புத் திருப்பணி நிறைவு அறிக்கை: 20 வீட்டுக்காரர்களும் திரும்பியாயிற்று

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். நம் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் வேலை முடிந்தது. சாரத்தைப் பிரித்தாயிற்று, ஐந்தாவது வரிசைக்காரர்கள் நான்கு பேரும் சாமான்களோடு வந்து இறங்கிவிட்டார்கள். நான்கு தளம், ஐந்து வரிசை, 20 வீடு. தொடங்கும்போது இருந்த அதே 20 குடும்பங்கள்தான் இப்போதும். வேலையில் குறை உண்டு, கீழே சொல்கிறோம். ஆனால் குழு தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள இந்த ஒன்று போதும்.

நகரத்தின் நடுவில் இருக்கும் பழைய கட்டடத்தில் வேலை என்றால் என்ன நடக்கும் என்று நம்மில் பாதிப் பேருக்கு அனுபவம் உண்டு. கொஞ்ச நாள்தான், காலி பண்ணுங்கள் என்பார்கள். திரும்பி வந்து பார்த்தால் வாடகை நம் சம்பளத்தைத் தாண்டியிருக்கும், சாவி வேறு யாரிடமோ இருக்கும். அதனால்தான் ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உறுதிப் பத்திரம் எழுதினோம்: எந்த வீட்டிலிருந்து போகிறீர்களோ அதே வீட்டுக்கு, அதே மாதத் தொகைக்குத் திரும்புவீர்கள். "மழைக்கு முன்னால் ஆரம்பிக்காமல் பேப்பர் எழுதிக்கொண்டிருக்கிறீர்களே" என்று திட்டினவர்களை மறக்கவில்லை. சாரம் இறங்கின மறுவாரமே இரண்டு புரோக்கர்கள் மாடி ஏறி விசாரித்துப் போனார்கள் என்பதையும் அவர்களுக்கு நினைவுபடுத்துகிறோம்.

அப்புறம், காலி செய்த முறை. தளம் தளமாகச் செய்யலாம் என்றுதான் முதலில் திட்டம் போட்டோம். பிளம்பர்தான் சிரித்தார். சமையலறைக்கு மேல் சமையலறை, கழிவறைக்கு மேல் கழிவறை என்று அடுக்கியிருக்கும் கட்டடத்தில் கழிவுநீர்க் குழாய் மேலிருந்து கீழே ஒரே கோடாக இறங்குகிறது. நடுவில் ஒரு வீட்டை மட்டும் காலி செய்து அதை மாற்றவே முடியாது. அதனால் மேலிருந்து கீழாக, வரிசைக்கு நான்கு வீடாகக் காலி செய்யும் முறைக்கு மாறினோம். அந்த நான்கு குடும்பங்களுக்கும் நடந்து போகும் தூரத்திலேயே இடம் பிடித்தோம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு வேலைக்குப் போகிறவரை ஊர்க்கோடியில் கொண்டுபோய் வைத்தால் பஸ்ஸே இருக்காது, பஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவு வைத்தது மேல்தளம்தான். காரை உதிர்ந்த இடங்களைப் பூசினால் போதும் என்றிருந்தோம். இன்ஜினியர் ஒரு இடத்தில் கொத்தி, ஃபீனாப்தலீன் கரைசலைத் தெளித்துக் காட்டினார். நல்ல கான்கிரீட் என்றால் அந்த இடம் பளிச்சென்று ரோஸ் நிறமாகும். இங்கே கம்பி வரைக்கும் நிறமே வரவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதுதான் காரையைத் தள்ளி உதிர்க்கிறது. மேலே பூசினால் மறுபடியும் உதிரத்தான் செய்யும். ஆகவே கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, மெலிந்துபோன கம்பிக்குத் துணைக்கம்பி போட்டு, மறுபடி கட்டினோம். மொட்டை மாடியில் வாட்டம் சரிசெய்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, கசிகிறதா என்றும் பார்த்தாயிற்று.

இங்கே எங்கள் தப்பு ஒன்று. தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதற்கு முன்பே, அவசரப்பட்டு, முதல் வரிசை மேல்வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டோம். மறுநாள் கூரையில் வரைபடம் மாதிரி மஞ்சள் கறை. அந்த இரண்டாவது பெயின்ட் செலவு கணக்கில் தனி வரியாகவே இருக்கிறது, மறைக்கவில்லை.

உழைப்புப் பங்கு, அதாவது ஒவ்வொரு குடும்பமும் வேலையில் கைகொடுப்பது, பற்றிக் கேள்விகள் வந்தன. உருகுவேயில் பரஸ்பர உதவி வீட்டுக் கூட்டுறவுகள் இருக்கின்றன. 1968 வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு பெருகி, 1970-இல் கூட்டமைப்பாகச் சேர்ந்தவை. அங்கே ஒரு குடும்பம் வாரம் 21 மணி நேரம் கட்டுமான வேலை செய்வது வழக்கம். அதையே இங்கேயும் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். சரி, ஆனால் நாள்கூலிக்குப் போகிறவர் அதற்காக ஒரு நாள் கூலியை இழந்தால் நாம் ஏழ்மையைக் குறைக்கிறோமா கூட்டுகிறோமா? அதனால் மணல் சலித்தது, இரவுக் காவல் இருந்தது, மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது எல்லாவற்றையும் ஒரே மணிக்கணக்கில் எழுதினோம். மூன்றாவது வரிசைப் பாட்டிதான் சிமெண்ட் மூட்டை நோட்டை எழுதினார். இரண்டு மூட்டை குறைந்த அன்று மேஸ்திரியை அவர் கேட்ட கேள்வியை நாங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

நிலம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் டட்லி தெருப் பகுதிக்காரர்கள் 1984-இல் சங்கமாகச் சேர்ந்து, 1988-இல் அங்கே சும்மா கிடந்த நிலங்களைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே வாங்கினார்கள். நிலத்தைச் சமூக அறக்கட்டளையின் பெயரில் வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய அதிகாரம் நமக்கில்லை, ஆனால் ஏற்பாடு அதே மாதிரிதான்: நிலம் சங்கத்துடையது, வீட்டை விட்டுப் போகிறவர் சங்கத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும், வெளியில் விற்க முடியாது. இதில் வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். புரிகிறது. ஆனால் இந்த விதி இல்லையென்றால் அந்தப் புரோக்கர்கள் வெறும் விசாரிப்போடு போயிருக்க மாட்டார்கள்.

பராமரிப்பு நிதியை 1865-இல் லண்டனில் ஏழைகளின் வாடகை வீடுகளை நிர்வகிக்கத் தொடங்கிய ஆக்டேவியா ஹில் கையாண்ட வழியில் நடத்துகிறோம்: ஒவ்வொரு வருடமும் பழுதுக்கென்று ஒரு தொகை ஒதுக்குவது, அதில் மிஞ்சினால் எதற்குச் செலவழிப்பது என்று குடியிருப்பவர்களே சொல்வது. அந்த அம்மாள் வாடகை வசூலில் ரொம்பக் கறார், அதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் குழாயை உடைத்தால் மிச்சப் பணம் பழுதுக்கே போய், அதில் போட நினைத்த விளக்குதான் கிடைக்காது என்று தெரிந்தால் பிள்ளைகளைக்கூட நாமே அதட்டுவோம்.

வரவு செலவு முழுவதும் படிக்கட்டு அடியில் ஒட்டியிருக்கிறது. பாக்கி வேலை இரண்டு: மாடிப்படி விளக்குக்குத் தனி சுவிட்ச், நான்காவது வரிசைக் கீழ்வீட்டின் மூடாத ஜன்னல். ஜன்னலுக்கு ஆசாரி வரும் வாரம் வருகிறார். அன்றைக்கு யாராவது வீட்டில் இருங்கள். போனமுறை பூட்டிக் கிடக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார்.